கிள்ளானில் கத்திச் சொன்ன பாஸ்வேர்ட்

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். எனக்குப் பட்டது கிள்ளானில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட புதுச் சட்டையில்.

தொண்ணூறுகளின் கடைசி. மலேசியத் தலைநகரின் பங்சாரில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் இணையக் கடையில் வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும் எஸ்எஸ்எல் சாவிக் கோப்புக்கு நான் ஒரு பாஸ்வேர்ட் போட்டிருந்தேன். சர்வர் நின்று எழும்போதெல்லாம் அதைத் தட்டினால்தான் கடை திறக்கும். "எடுத்துடு லா, ஒரே கமாண்டுதானே" என்று கூட வேலை பார்த்த குமார் தலைபாடாக அடித்துக்கொண்டான். "பாதுகாப்புன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?" என்று அவனுக்கே பாடம் எடுத்தேன். (மண்டைக்கனம், வேறென்ன!)

அந்த ஞாயிறு அம்மாவோடு பெண் பார்க்கப் போனேன். பெண் சுமதி. உண்மையில் நாங்கள் மூன்று வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தோம். அவள் அப்பாவுக்குக் காதல் என்ற சொல்லே ஆகாது என்பதால், தரகர் மூலம் வந்த சம்பந்தம்போல ஒரு நாடகம். குட்டு உடைந்தால் கல்யாணம் அவ்வளவுதான்.

சுமதி தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் நடிப்பில் ஒரு படி மேலே போய், "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பேரைச் சொன்னாள்.

அப்போது அவர்கள் வீட்டு டெலிபோன் அடித்தது. எடுத்த அவள் அப்பா, "தம்பி, உங்க ஆபீஸ்ல இருந்து" என்று நீட்டினார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வந்த புத்திசாலி நான்தான்.

குமார்தான் பேசினான். கரண்டு போய் வந்திருக்கிறது. சர்வர் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கிறது. முதலாளி பக்கத்தில் நின்று கத்துகிறார். போதாததற்கு ஏதோ அலாரம் வேறு அலறுகிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு பாஸ்வேர்டை முணுமுணுத்தேன்.

"கேக்கல லா! எழுத்து எழுத்தா கத்திச் சொல்லு!"

கத்தினேன். "பாஸ்வேர்ட் இதான்! எஸ்... யூ... எம்... ஏ... டி... எச்... ஐ! அப்புறம் நம்பர் மூணு! அப்புறம் தாஹூன்!"

தாஹூன் என்றால் மலாயில் வருடம். அதைக் கிள்ளானில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமதி காலித் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"இப்பத்தானே தம்பி பேரு கேட்டீங்க?" என்றார் அவள் அப்பா.

தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன். (திறந்ததெல்லாம் போதாதா?)

அவர் மகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஆபீஸ் பூட்டுக்கெல்லாம் எம்பொண்ணு பேருதானா? மூணு வருஷத்துல இங்க வர்றதுக்கு ஒரு பஸ்ஸுகூடவா கெடைக்கல?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த நிமிடமே அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை எடுத்தேன். கமாண்டை அடித்ததும் கடைசியாக ஒருமுறை அதைக் கேட்டது. பூட்டில்லாத சாவிக் கோப்பு ஒன்று வந்தது. வேறு யாரும் படிக்க முடியாதபடி அதை ஒதுக்கி வைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எங்களுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவர்கள் என் காதில் ஏதாவது ரகசியம் சொல்ல வந்தால் மாமனார் உடனே குறுக்கே விழுவார்:

"அப்பாகிட்டயா சொல்ற? வேணாம் லா! ஒரு போன் வந்தாப் போதும், ஊருக்கே எழுத்துக்கூட்டிச் சொல்லிடுவாரு!"