ராஜப்பா கிழித்த கடைசி அத்தியாயம்

"இனிமே இந்த வூட்டுல ஒரு கொலைகூட நடக்கக் கூடாது!"

ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீட்டுக்குள் நின்று ராஜப்பா இப்படி முழங்கியதும், பக்கத்து வீட்டுத் தங்கம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாண்ணா? யாரை யாரு கொன்னது?"

"இந்த மாசத்துல மட்டும் பதினேழு பேரு. எல்லாம் உங்க யசோதாக்கா படிச்சுத் தீர்த்தது!"

தங்கம்மா "த்சொ" என்று திரும்பிப் போய்விட்டாள்.

ராஜப்பா தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களைப் பூமிக்குள் இறக்குவதும், ஷிப்டு முடிந்ததும் மேலே தூக்குவதும் அவர் கையிலிருக்கும் லீவர். அந்த ஒரு கையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டன. அந்தக் கைக்குத்தான் வீட்டில் ஒழுங்காய் வெந்த ஒரு களி உருண்டை கிடைக்கவில்லை.

காரணம், ஊரிகம் வாசகசாலை. அதைப் பார்த்துக்கொள்ளும் நாகேஷ் வாராவாரம் அவர் மனைவி யசோதாவுக்கு மர்ம நாவல்களாக எடுத்துக் கொடுப்பான். அவள் ஒரு கையில் புத்தகமும் மறு கையில் துடுப்புமாக அடுப்பெதிரில் நிற்பாள். கதையில் கத்தி இறங்கும் நேரம் பார்த்துத் துடுப்பு நின்றுவிடும். களி அடிபிடிக்கும். குழம்பில் உப்பு இரண்டு தரம் விழும்.

"துப்பறியும் கதை படிக்கறவ நீ. குழம்பை வாயில வெச்சுத் துப்ப அறிஞ்சவன் நான்!" என்றார் ராஜப்பா.

"துப்பறதுக்கு முந்தி மூணு கரண்டி ஊத்தி வாங்கினீங்களே, அது இன்னா?"

"பேச்சை மாத்தாதே. பஞ்சசீலம் சொல்ற வூடு இது. மொதல் சீலம் இன்னா? கொல்லாமை!"

"நானா கொல்றேன்? எவனோ கொல்றான். ஏன் கொன்னான்னு கேக்கறேன், அவ்ளோதான்."

அன்று மாலையே ராஜப்பா வாசகசாலைக்குப் போய்ப் பயனுள்ள புத்தகங்களாக இரண்டு எடுத்துவந்தார். ஒன்று, கோழி வளர்ப்பு. இன்னொன்று, ரிட்டையரான போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய அறுநூறு பக்கம்.

யசோதா புரட்டிப் பார்த்தாள். "இவரு பொறக்கறதுக்கே முப்பது பக்கம் ஆவுதே. எப்ப சாவறாரு?"

"சாவலே. அவரே எழுதினது."

"யாரும் சாவாத கதையில இன்னாங்க கீது?"

"ஒழுக்கம் கீது! வேணாம்னா கோழி புக்கைப் படி."

"அதுலயாவது எதுனா சாவுதா?"

இன்ஸ்பெக்டர் அரிசி டின் மேல் ஏறி உட்கார்ந்தார். கோழி அவருக்கு அடியில் அடைகாத்தது. அடுத்த வாரமே சிவப்பு அட்டை போட்ட புது நாவல் வந்துவிட்டது.

அப்போதுதான் ராஜப்பாவின் மூளையில் அந்த யோசனை உதித்தது. கொன்றது யார் என்று தெரியத்தானே இந்தப் பாடு? அது தெரியாமலே போனால்? யசோதா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, சவரக் கத்திக்குப் போடும் பிளேடை எடுத்தார். கடைசி அத்தியாயத்தை அடியோடு அறுத்தார். டிரங்குப் பெட்டிக்குள் கோட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். இனி அவள் நெஞ்சில் அடித்துக்கொள்வாள், புத்தகத்தைத் தூக்கி வீசுவாள், களி வேகும்.

புதன்கிழமை சாயங்காலம் யசோதா கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். ராஜப்பா காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி மூச்சடக்கிக் காத்திருந்தார். அவள் அறுபட்ட இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். புத்தகத்தை மூடினாள்.

"காபி ஆறிப்போவுது, குடிங்க."

அவ்வளவுதான். ராஜப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டாவது புத்தகத்தையும் அறுத்தார். அதற்கும் காபிதான். மூன்றாவதற்குக் காபியோடு ஒரு மெதுவடையும் வந்தது. வடையைக் கடிக்கும்போது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது.

"அப்புறம் யாருதான்கா கொன்னது?" தங்கம்மா கேட்டாள்.

"அந்த வைத்தியருதான்," என்றாள் யசோதா, பூண்டு உரித்துக்கொண்டே.

வடை ராஜப்பாவின் தொண்டையில் நின்றது. வைத்தியரா! கொன்றது யார் என்பது பெட்டிக்குள் இருக்கும் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? இடுப்பைத் தடவினார், சாவி இருந்தது. பெட்டியைத் திறந்தார், பக்கங்கள் இருந்தன. இவள் எப்படிப் படித்தாள்? பூட்டின் வழியாகவா?

அந்தப் பக்கங்களை அவரே படித்தார். அங்கேதான் சனி பிடித்தது. 'சபாபதியின் ஊன்றுகோல் உடைந்து, அதற்குள்ளிருந்து சாவி விழுந்ததும் வைத்தியர் முகம் வெளுத்தது' என்று இருந்தது. யார் இந்தச் சபாபதி? எந்தச் சாவி? ஊன்றுகோலுக்குள் எப்படிப் போனது? முன்பக்கங்கள் இருந்த புத்தகமோ அதற்குள் தங்கம்மா கையில் வாசகசாலைக்குத் திரும்பிவிட்டது.

மறுநாள் ஷிப்டு முடிந்து மணி அடித்தது. ராஜப்பா ஆட்களோடு கேஜை மேலே தூக்கினார். லீவரில் கை இருந்தது, மனசு ஊன்றுகோலுக்குள் இருந்தது. இறங்கும் தளத்துக்கு ஒரு கஜம் மேலே போய்க் கூண்டு நின்றது.

"இன்னாபா ராஜப்பா, குதிச்சு இறங்கணுமா?" உள்ளேயிருந்து கத்தினார்கள்.

இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஆனதில்லை. ராஜப்பா கூண்டை மெல்ல இறக்கி நிறுத்தினார். இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் நிஜமாகவே கொலை விழும். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டார்.

"யசோதா, அந்தச் சபாபதி ஊன்றுகோலுக்குள்ள சாவி எப்பிடி வந்துச்சு?"

யசோதா கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஊன்றுகோல் உடையறது கடைசி அத்தியாயத்துல ஆச்சே. நான் திருப்பி அனுப்பின புக்குல கடைசி அத்தியாயமே இல்லியே. உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

ராஜப்பாவின் கை தானாக அரைஞாண் கயிற்றுச் சாவிக்குப் போனது.

"மூணு வாரமா காத்துக்கினு கீறேன்," என்றாள் யசோதா. அரிசி டின் பக்கம் கை காட்டினாள். "அதோ, அவரு எழுதியிருக்காரு. உனக்குச் சந்தேகம் வந்த ஆளைக் கேள்வி கேக்காதே. காபி கொடு. சும்மா இரு. தானா வந்து உளறுவான். நூத்தித் தொண்ணூறாம் பக்கம்."

"அந்தப் புக்கை... நீ படிச்சியா?"

"ரெண்டு தரம். அவரு பொறந்து முடிஞ்சப்புறம் கதை பிச்சுக்கினு போவுது. கோழி புக்கும் படிச்சேன். வெள்ளைக் கழிச்சல் வந்து அதுல இருபது கோழி சாவுதுங்க, பாவம்."

ராஜப்பா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "சரி, புடிச்சுட்டே. ஆனா மூணு கதையோட முடிவும் என் பெட்டியில கீது. உனக்கு வேணும்னா..."

"எனக்கு இன்னாத்துக்கு? புக்கு கைக்கு வந்ததும், வூட்டுக்கு வர்ற வழியில ஊரிகம் ஸ்டேஷனைத் தாண்டறதுக்குள்ள மொதல்ல கடைசி அத்தியாயத்தைத்தான் படிப்பேன். கொன்னது யாருன்னு தெரிஞ்சாதானே, அப்பால பதறாம அடுப்பாண்ட நின்னு படிக்கலாம்?"

இந்த லட்சணம்தான் பதறாமல் கிண்டிய களியா! ராஜப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் யசோதா அவரை வாசகசாலைக்கு நடத்திக்கொண்டு போனாள். ஊரே பார்க்க, மைதா பசை தடவி மூன்று அத்தியாயங்களையும் ஒட்டினார். "நல்லா அழுத்துங்கண்ணே, கேஜ் மாதிரி மேல வந்துடப் போவுது," என்றான் நாகேஷ். ராஜப்பா இன்னொரு தரம் அழுத்தினார். சபாபதி புத்தகத்தைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து ஒரே மூச்சில் படித்தார். அதற்கப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. முடிவு கண்ணில் பட்டுவிடாமலிருக்கக் கடைசிப் பக்கங்களை நூல் போட்டுக் கட்டிவைத்துக்கொண்டுதான் படிப்பார்.

ஒரு விடுமுறை நாள் காலை. நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, தொண்ணூறாம் பக்கத்தில் இருந்தார். பாடகியைக் காணோம். தோட்டக்கிணற்றின் அடியில் ஒற்றைக் கொலுசு மின்னுகிறது. ராஜப்பாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எதிரே இரண்டு காலிக் குடங்களோடு யசோதா வந்து நின்றாள்.

"குழாயில தண்ணி வந்துடுச்சு. போய்ப் புடிச்சுக்கினு வரீங்களா, இல்லே கொன்னது யாருன்னு சொல்லட்டுமா?"