'இந்தா போச்சு' அண்ணாச்சியும் ஒரு தவளைவாயனும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள அத்தனை பறவைகளுக்கும் குரலை வைத்தே அடையாளம் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் 'இந்தா போச்சு' அண்ணாச்சிதான். பறவையின் குரலை வைத்து மனிதன் அதைக் கண்டுபிடிப்பதுதான் உலக வழக்கம். எங்கள் ஊர்ப் பக்கத்துச் செண்பகத்தோப்புக் காட்டில் மட்டும் அது தலைகீழாக நடந்தது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓர் இயற்கைக் குழு நடத்துகிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, விடிந்ததும் டூவீலர்களில் செண்பகத்தோப்புக்குப் போய், வனத்துறை செக்போஸ்ட்டில் சொல்லிவிட்டு ஓடையோரமாக நடப்போம். கண்ணில் பட்ட பறவை, விலங்கு எல்லாவற்றையும், முதலில் பார்த்தவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதுவோம். நோட்டு என் கையில். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கிளார்க். ஆகவே ஒரு விதி போட்டேன். ஒருவர் பார்த்தால் போதாது. இன்னொருவரும் பார்த்துச் சாட்சி சொன்னால்தான் நோட்டில் ஏறும். நோட்டில் ஒருமுறையாவது பெயர் ஏற வேண்டும் என்ற அண்ணாச்சியின் ஆசையில் மண் விழுந்தது அந்த விதியால்தான்.

அண்ணாச்சி நூல் மில்லில், ஸ்பின்னிங் பிரிவில், முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அந்த இரைச்சலில் பக்கத்து ஆளிடம் ஸ்பேனர் கேட்க வேண்டுமென்றாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ரிட்டயர் ஆனதும் மில் அவரை விட்டது, குரல் விடவில்லை. ஆனால் கண் இருக்கிறதே, ஓடுகிற மெஷினில் அறுந்த ஒற்றை இழையைத் தூரத்திலிருந்தே பிடிக்கிற கண். கிளைக்குள் எது ஒளிந்திருந்தாலும் எங்களுக்கு முன்னால் அவர் பார்த்துவிடுவார். பார்த்ததும், எங்களிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஏலே, அந்தா மரங்கொத்தி" என்பார். அந்த ரகசியம் சுந்தரபாண்டியம் வரைக்கும் கேட்கும். நாங்கள் திரும்புவதற்குள் வானத்தில் ஒரு புள்ளி போய்க்கொண்டிருக்கும்.

"இந்தா போச்சு" என்பார், நிஜமான வருத்தத்தோடு.

ஒருமுறை அவர் சாம்பல் மலை அணிலைக் காட்டினார். காட்டிய சத்தத்தில், அது கடித்துக்கொண்டிருந்த மாங்காய் நேராக எங்கள் குழுவிலுள்ள செல்வி டீச்சரின் தலையில் விழுந்தது. அணிலைக் காணோம்.

"மாங்கா சாட்சி ஆகாதா தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஆகாது" என்றேன்.

இன்னொரு முறை வனக் காவலர், நாங்கள் யானையிடம் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து வேட்டுக் கட்டோடு ஓடி வந்துவிட்டார். அன்றைக்கு அண்ணாச்சி பார்த்தது ஒரு தேன்சிட்டு.

மாங்காய் பட்ட கோபத்தில் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். ஊரெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிற ராஜபாளையத்தில் அதற்கா பஞ்சம்? முழு ரோல் ஒன்றை அண்ணாச்சியின் வாயைச் சுற்றிக் கட்டினோம். சமர்த்தாக நின்று கட்டிக்கொண்டார். பத்து நிமிடம் காடு காடாக இருந்தது. பிறகு அவர் எதையோ பார்த்துவிட்டார். வாயைத் திறக்க வழியில்லை. கையிலிருந்த எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்துக் கம்பால் நாலு தட்டு தட்டினார். அன்றைக்கு அந்த ஓடையில் தவளைகூட மிச்சமில்லை. திரும்பும்போது டீக்கடை அக்கா, "என்ன அண்ணாச்சி, எந்த ஆஸ்பத்திரியில காட்டுதிய?" என்று அக்கறையாக விசாரித்தார்.

வருஷக் கடைசியில் நோட்டைக் கூட்டத்தில் படிப்போம். ஆறு வருஷம் படித்தும் அண்ணாச்சி பெயர் ஒருமுறைகூட வரவில்லை. ஆறாவது வருஷம் டீச்சர், "அண்ணாச்சி பாக்கதெல்லாம் அவிய கண்ணுக்கு மட்டும் தெரியுற பறவை" என்றார். எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, டீச்சர் வெளையாட்டுக்குச் சொன்னது எனக்குத் தெரியும். ஆனா ஒங்க மதினியும் கேக்கா, நெசமாவே எதையாச்சும் பாக்கியளா, இல்ல சும்மா சுத்திட்டு வாரியளான்னு. தை பொறந்தா நாங்க ஓசூருக்கு, மகன் வீட்டோட போறோம். அதுக்குள்ள அந்த நோட்டுல ஒத்த வரி எம் பேரு ஏறுமா?"

"ரெண்டாவது ஆளு பாக்கணுமே அண்ணாச்சி. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மார்கழிக் கடைசி ஞாயிறு, அவருக்குக் கடைசி நடை. ஓடை திரும்பும் இடத்தில் அந்தக் குரல் கிளம்பியது.

"ஏலே, அந்தா தவளைவாயன்."

உடனே நாங்கள் பதினொரு பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தோம். ஆறு வருஷப் பழக்கம். வானம் காலியாக இருந்தது.

"எந்தப் பக்கம் போச்சு அண்ணாச்சி?" என்றார் டீச்சர், பைனாகுலரோடு.

"போகலம்மா. இருக்கு."

யாரும் நம்பவில்லை. அவர் வாயிலிருந்து 'இருக்கு' என்ற சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை. தொடர்ந்து வானத்தையே தேடினோம். கடைசியில் அண்ணாச்சி என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இறுகின போல்ட்டைத் திருப்புவது போலத் திருப்பிக் கீழே இறக்கினார்.

"இங்கன பாரும்."

கண்ணுக்கு நேரே, கொடிக்குள், ஒரு கொத்துக் காய்ந்த இலை.

"எலைல்லா இது" என்றேன்.

"செத்த நேரம் பாரும்."

தவளைவாயன் ராத்திரிப் பறவை, பகலில் பறக்காது. ஆள் வந்தால் அலகை உயர்த்தி, கண்ணை மூடி, ஒடிந்த கட்டை மாதிரி உட்கார்ந்துவிடும். அசையாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்பது அதன் நம்பிக்கை. அண்ணாச்சியின் குரலுக்கு ஓடாத ஒரே ஜீவன் அதுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காய்ந்த இலை ஒரு கண்ணை லேசாகத் திறந்து, அண்ணாச்சியை மட்டும் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது.

"நான் பாத்துட்டேன்" என்றேன்.

"நானும் சாட்சி" என்றார் டீச்சர்.

அங்கேயே நோட்டைத் திறந்து அவர் பெயரை, இனிஷியலோடு, எழுதினேன். எல்லோரும் போனை எடுத்துப் பறவையைப் படம் பிடித்தார்கள். அண்ணாச்சி என்னருகே வந்து நோட்டைப் படம் பிடித்தார்.

"ஒங்க மதினிக்கு" என்றார். அது ஒன்றுதான் அன்று அவர் மெதுவாகப் பேசியது. அதன்பிறகு செக்போஸ்ட் வரைக்கும் வாயே திறக்கவில்லை. வனக் காவலர், "அண்ணாச்சிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

இப்போது எங்கள் நடையில் சத்தமே இல்லை. பறவைகள் நிதானமாக உட்கார்ந்து காட்சி தருகின்றன. நோட்டும் மளமளவென்று நிரம்புகிறது. காட்டுக்குள் போனில் படம் எடுக்கலாம், பேசக் கூடாது என்பது எங்களின் இன்னொரு விதி. அதையும் போட்டவன் நான்தான். ஆனால் ஞாயிறு காலை ஏழரைக்கு ஓசூரிலிருந்து அழைப்பு வரும். "தம்பி, இன்னைக்கு என்ன பாத்திய?" என்று நான் எடுத்த போனிலிருந்து அந்தக் குரல் கிளம்பினால், எதிர்க் கிளையில் இருப்பது எதுவானாலும் எழுந்து போய்விடும். டீச்சர் என்னை முறைப்பார்.

நான் போனை அணைப்பதில்லை. போனால் போகட்டும், பறவைதானே.