டிராம் மூன்று முறை திரும்பிய வீடு

காதல்வயப்பட்டவன் கையில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஊர் வரைபடத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஏற்காட்டுக்கு டிராம் வந்தால் சுற்றுலா கொழிக்கும் என்று யாரோ கனவு கண்டார்கள். ஏரியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை, வீடுகளும் கடைகளும் முண்டியடிக்கும் தெருக்களில் தடம் குறிக்க என் கம்பெனி என்னை அனுப்பியது. (வேறு ஆள் இல்லை. என் தகுதி அதுதான்.)

அந்த மாதம் முழுக்கப் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் உலகமே கிடையாது. அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு மேகத்துக்குள் நடப்பேன். சில்வர் ஓக் மரங்கள் தூக்கத்தில் வருவதுபோல வந்து, அப்படியே கரைந்துபோகும். எங்கிருந்தோ காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை. அதைப் பிடித்துக்கொண்டே போனால் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் வீடு. வாசலில் அவர் மகள் பூங்கொடி, பள்ளிக்கூட டீச்சர்.

"ஏனுங்க, மறுக்காவும் வழி தப்பிட்டீங்களா? காப்பி குடிச்சுட்டுப் போங்க."

நான் வழி தப்பவில்லை, டிராம்தான் தப்பியது. என் வரைபடத்தில் அது ஏரியை விட்டதும் ஒருமுறை, கடைவீதி தாண்டி ஒருமுறை, பஸ் ஸ்டாண்டை நெருங்கி இன்னொருமுறை அவள் வீட்டுப் பக்கம் வளைந்தது. என் கனவில் அது மணியடித்தபடி மேகத்திலிருந்து இறங்கி அவள் வாசலில் நிற்கும். ஜன்னலோரம் நான், தலை கலையாமல்.

ஊர்க்கூட்டத்துக்காகக் கல்யாண மண்டபத்தில் வரைபடத்தை மாட்டினோம். எங்கள் தலைமை இன்ஜினியர் அப்போதுதான் அதை உற்றுப் பார்த்தார்.

"என்னய்யா இது? டிராம் என்ன ஆட்டோவா, நின்ன இடத்துல திரும்ப? இங்க வளையணும்னா இந்த வீட்டையே இடிக்கணும்."

முன்வரிசையில் ரைட்டர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஏனுங்க சார், அது எங்க ஊடுங்க. நொம்ப சிரமப்பட்டுக் கட்டுனதுங்க."

எனக்கு வேர்த்தது. (ஏற்காட்டில்! அந்தக் குளிரில்!) "சரிவுங்க... சரிவுக்காகத்தான் வளைச்சேன்."

பூங்கொடி எழுந்தாள். "எங்க வீதி சமதரைங்க. அப்பறம் எதுக்குங்க வண்டி மூணு தடவ எங்க ஊட்டுக்கே வருது?"

சரிவு என்றே சாதித்திருந்தால் என் வேலை நிலைத்திருக்கும், அவர்கள் வீடு நிலைத்திருக்காது. மைக் என் வாய்க்கு நேராக இருந்தது.

"காப்பிக்குங்க," என்றேன்.

மண்டபம் ஓட்டுக்கூரை அதிரச் சிரித்தது. ரைட்டர் மட்டும் சிரிக்கவில்லை. "காப்பிக்கு நடந்தே வரலாமுல்ல சாமி," என்றார் பரிதாபமாக, "அதுக்கு ஊட்ட எதுக்கு இடிக்கோணும்?"

அன்றே தடமும் போனது, வேலையும் போனது. ஏற்காட்டுக்கு டிராம் இன்றுவரை வரவில்லை. நான் அவர் சொன்னபடியே நடந்து போனேன், அந்த வீட்டு மாப்பிள்ளையாகும்வரை.

இப்போதும் பனிமூட்டத்தில் நான் அந்த வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், உள்ளிருந்து பூங்கொடியின் குரல் வரும்:

"அப்பா, டிராம் வந்துருச்சுங்க. செவுத்தப் பாத்துக்கங்க!"