துரை அண்ணையும் ஒரு கதிரையும்

பிரெஞ்சு கதைக்கிற எங்கட செயின்ட்-மிஷேலில கோபத்தைச் சம்பளமில்லாத முழுநேர வேலையாச் செய்த ஒரே மனிசன் துரை அண்ணைதான். பஸ் பிந்தினாலும் ஏசுவார், முந்தி வந்தாலும் ஏசுவார். ஹோட்டல் படுக்கை விரிப்பு தோய்க்கிற பக்டரியில ஏழு வருசம் அவருக்குப் பக்கத்தில நிண்டு மடிச்சவன் நான். என்ர காது இன்னும் வேலை செய்யுறதே புதினம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவர் சொல்லுறது ஒரே கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில ஏதோ ஒரு சமஸ்தானம். அங்கத்தைய ராசா சனத்தை அடிச்சு, வாட்டி எடுக்கிறான். அவனைத் திருத்தலாமோ எண்டு வெள்ளைக்காரத் துரைமார் கூடிக் கதைக்கினம். மூண்டு துரைமாரையும் அண்ணையே நடிப்பார். அதாலதான் அந்தப் பேர்.

"ஒருத்தன் சொல்லுறான், 'மெல்ல மெல்லத் திருத்துவம்.' மற்றவன், 'அது அவையின்ர வழக்கம், நாங்கள் தலையிடக் கூடாது.' மூண்டாமவன், 'முதல் தேத்தண்ணி குடிப்பம்.' அங்க சனம் சாகுதடா!" எண்டு மேசையில குத்துவார். என்ர புட்டு பெட்டியோட துள்ளும்.

எங்களுக்கும் ஒரு ராசா இருந்தார். சுப்பவைசர். எங்கட ஊர் ஆள். வந்திறங்கின எங்களுக்கு வேலை எடுத்துத் தந்தவர். கலியாணவீடு, செத்தவீடு எல்லாத்துக்கும் முன்னுக்கு நிப்பார். பக்டரிக்குள்ள மட்டும் மூத்திரத்துக்குப் போறதெண்டாலும் அவரிட்டக் கையுயர்த்த வேணும்.

மன்னார் ஸ்டெல்லா அக்கா அப்ப ஏழு மாசக் கர்ப்பிணி. கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. இருந்து மடிக்க ஒரு கதிரை கேட்டா. "உனக்குத் தந்தால் எல்லாரும் கேப்பினம்," எண்டார் ராசா.

அந்தக் கிழமை தலைமைக் கந்தோரில இருந்து மூண்டு பேர் நிலைமையைச் சீர்திருத்த வந்திச்சினம். கதிரையைப் பற்றி அரை மணித்தியாலம் பிரெஞ்சில விவாதம். கதிரைக்கு உருளுற சில்லு வேணுமோ? முதல் ஒரு குழு அமைப்பமோ? கடைசியா ஒரு மடாம் ஸ்டெல்லா அக்காவைப் பாத்து, ஏதும் பிரச்சினையோ எண்டு கேட்டா. மொழிபெயர்க்க நான்.

"தம்பி, நிக்கேலாமக் கிடக்கெண்டு சொல்லு. பிள்ளைக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு பயமாக் கிடக்கு," எண்டா அக்கா.

ராசா என்னைப் பாத்தார். பிறத்தியாருக்கு முன்னால எங்கட ஆளை விட்டுக்குடுக்கக் கூடாதெண்டது எங்கட சனத்தின்ர எழுதாச் சட்டம். "கொஞ்சம் களைப்பாம்," எண்டு மடாமுக்குச் சொன்னன்.

"அடேய்!" எண்டு துரை அண்ணை பாய்ஞ்சார். களைப்புக்கான பிரெஞ்சுச் சொல் பக்டரியில ஆருக்கும் தெரியும். "ராசாவை விட, துரைமாரை விட நீதானடா மோசம்! அவள் வாய் திறந்து சொன்னதை விழுங்கிப் போட்டியே, வெக்கங்கெட்டவனே!"

பேந்து மடாமிட்டத் திரும்பித் தன்ர பிரெஞ்சு முழுக்கக் கொட்டினார். "மடாம்! பேபே! ஜாம்ப் க்ரோ! சேஸ் நோ!" பிள்ளை, பெரிய கால், கதிரை இல்லையாம். அது காணாதெண்டு தன்ர காற்சட்டையை முழங்கால் மட்டும் உயர்த்தி, வீக்கத்தைக் கையால அளந்து காட்டினார். குழு அமைக்கச் சொன்னவர் பயந்துபோய் எழும்பி நிண்டார். அண்ணை அந்தாளின்ர கதிரையையே இழுத்துக்கொண்டு வந்து அக்காவை இருத்தினார்.

பிள்ளை பிறக்குமட்டும் அக்கா அதிலதான் இருந்தா. அண்ணைக்கு அடுத்த கிழமையே வேலை போச்சு. ராசா இண்டைக்கும் அங்கதான், எழுதேக்கையே எனக்குப் பத்திக்கொண்டு வருது. ஆனால் கூடக் கோபம் என்னிலதான்.

நாலு மாசம் அண்ணை என்னோட கதைக்கேல்ல. கண்டால் முகத்தைத் திருப்புவார். போன கிழமை மெட்ரோவில பக்கத்தில வந்திருந்து, "உதென்னடா சப்பாத்து? பனிக்குள்ள ஆராவது உதைப் போடுவானோ? விறைச்சுச் சாகப்போறியோ, விசரா?" எண்டு மூண்டு ஸ்டேசன் தாண்டுமட்டும் ஏசினார்.

கனநாளுக்குப் பிறகு அண்டைக்குத்தான் நான் நிம்மதியாப் படுத்தன்.