நாலு எல்லையும் தண்ணீர்

தேதிகளில் நான் தவறுவதில்லை. வீட்டில் முதல் மின்விசிறி ஓடிய நாள், பெரிய மகளுக்குப் பல் விழுந்த நாள், முகத்துவாரத்தை மணல் மூடிய நாள், மறுபடி திறந்த நாள் எல்லாம் கிழமையோடு என் நோட்டுகளில் இருக்கின்றன. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒரு நாள் பிசகினேன். அந்தப் பிசகால்தான் அண்ணனின் பிழைப்பை நான் அடமானம் வைக்கப் பார்த்தது வெளியே தெரிந்தது. 

எங்கள் குப்பத்தில் ஏரிக்குள் கழி ஊன்றி வலை கட்ட நல்ல இடங்கள் ஏழுதான் உண்டு. அவற்றைப் 'பாடு' என்போம். குடும்பங்கள் இருபத்தெட்டு. ஆகவே ஒரு வீட்டுக்கு நாலு நாளைக்கு ஒரு முறை வரும். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதை ஊர்கூடிக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் வலை கட்டமாட்டார்கள். எல்லாருடைய முறையும் ஒரு நாள் தள்ளிப்போகும். இந்தக் கணக்கை ஊருக்காக எழுதி வைப்பவன் நான். அதனால் ஊரில் என்னைக் கூப்பிடுவதே 'கணக்கு' என்றுதான். நைனா போன பிறகு எங்கள் வீட்டு முறையில் தண்ணீரில் இறங்குவது அண்ணன் தேவராஜ் மட்டும்தான். நான் காட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எழுத்தர். ஆனால் ஊர் நோட்டில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருந்தது.

முப்பத்தாறு வயதில் எனக்கு மனை வாங்கும் பித்து பிடித்தது. அதைப் பற்றி மூன்று புத்தகங்கள் படித்தேன் (ஓரங்களில் எதிர்வாதமும் எழுதினேன்). பொன்னேரியில் இரண்டு கடை கட்டும் அளவுக்கு ஒரு மனை பார்த்தேன். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, வழிகாட்டி மதிப்பு, முத்திரைத் தீர்வை என்று எதையும் விடவில்லை. கட்டாத கடைகளின் வாடகைக்கு வருமான வரி எவ்வளவு வரும், அதில் பராமரிப்புக்கு எவ்வளவு கழியும் என்பதுவரை போட்டு வைத்தேன். மனைவி செல்வி இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அட்வான்ஸ் போட்டு, மூன்று மாத ஒப்பந்தம் எழுதினோம்.

என் சம்பளத்துக்கு அவ்வளவு கடன் தர முடியாது, வேறு சொத்து ஏதாவது காட்டுங்கள் என்றது வங்கி. கையில் சும்மா கிடக்கும் சொத்தை வைத்துக் கடன் வாங்கு என்று மூன்று புத்தகங்களும் ஒரே குரலில் சொல்லியிருந்தன. என்னிடம் சும்மா கிடப்பது எது என்று யோசித்தேன். பாடு நினைவுக்கு வந்தது. (விடியலிலிருந்து அண்ணன் அதில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அது சும்மா கிடப்பதாகத்தான் பட்டது.)

'பரம்பரை அனுபோகச் சொத்து விவரம்' என்று தலைப்பிட்டுப் பதினோரு பக்கம் தயாரித்தேன். கிழக்கே ஆழ ஓடை, மேற்கே சிப்பித் திட்டு, வடக்கே கோரைத் திட்டு, தெற்கே பொது வழி. பின்னிணைப்பாக எங்கள் வீட்டு முறை நாட்களின் அட்டவணை. ஒரு வேளை விற்க நேர்ந்தால் மூலதன ஆதாய வரி எவ்வளவு என்றும் ஒரு பக்கம். விற்கவே முடியாத ஒன்றுக்கு வரி கணக்கிட்டவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பதினோரு பக்கத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. 'தண்ணீர்' என்ற சொல்லும் இல்லை.

வங்கியின் வக்கீல் அம்மா இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் முறை வரும் வியாழக்கிழமையைச் சொன்னேன். எங்கள் வலை எங்கள் இடத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அனுபோகம் நிரூபணமாகிவிடும் அல்லவா? அண்ணனிடம், "பொன்னேரிலேர்ந்து ஒரு மேடம் வராங்க. ஏரி பாக்கணுமாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் படகைக் கழுவி, புதுப் பாய் விரித்துவைத்தார்.

அரை மணி நேரம் கழி ஊன்றிப் போனோம். வக்கீல் அம்மா கோப்பை மடியில் வைத்துக்கொண்டு நாலாபுறமும் பார்த்தார்.

"சைட்டுக்கு ரோடு கிடையாதா சார்?"

"தெற்கே பொது வழி இருக்கு மேடம்."

"எங்க?"

"இப்ப நாம போறதுதான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலெல்லையைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். 'மேற்கே சிப்பித் திட்டு' என்று படித்தபோது அண்ணனின் கழி நின்றது. படகு தானாக நகர்ந்து எங்கள் இடத்தை அடைந்தது. அங்கே எங்கள் குப்பத்து ஏசுதாஸ் மாமா வலை கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா கணக்கு, கூட்டமா வந்துகிற? பிக்னிக்கா?"

வக்கீல் அம்மா என்னைப் பார்த்தார். "இவர் யாரு? ஆக்கிரமிப்பா?"

"இன்னாமா சொல்ற?" மாமா வலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இன்னிக்கு இது என்னுது. நாளைக்குத்தான் தேவராஜுது. செவ்வாக்கெயம சாவு வியலயா? மொற தள்ளிப் போச்சே! நீதானய்யா நோட்டுல எய்தின!"

எழுதினேன்தான். செவ்வாய் இரவே, 'இறப்பு. வலை இல்லை' என்று எழுதிக் கோடும் போட்டேன். ஆனால் வங்கிக்கான அட்டவணையை அதற்கு முந்தைய வாரமே தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன்.

"அப்ப இதுக்கு மொத்தம் எத்தனை ஓனர்?" என்றார் வக்கீல் அம்மா.

"ஊரே ஓனருதான். ஆனா ஒருத்தனும் ஓனர் இல்ல" என்றார் மாமா.

வக்கீல் அம்மா கோப்பை மூடி நாடாவைக் கட்டினார். "சார், அடமானம் வைக்கிற சொத்து உங்க பேர்ல இருக்கணும். அது இல்லன்னாலும் தரையிலயாவது இருக்கணும்."

"அடமானமா?" என்றார் அண்ணன். "எத்தடா?"

நான் குனிந்து பாயின் ஓரத்தைச் சரிசெய்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வக்கீல் அம்மாவிடம், "கால மேல வெச்சிக்கோமா, தண்ணி தெறிக்கும்" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார். 

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. வலை பின்னும் கொட்டகையில் நடுவே என்னை நிற்கவைத்தார்கள். யாரும் திட்டவில்லை. பாடு பற்றிய விதிகளைப் படி என்று ஊர் நோட்டை என் கையில் கொடுத்தார்கள். எட்டாம் பக்கம், என் கையெழுத்து, அழகாகத்தான் இருந்தது. 'பாடு எவருக்கும் சொத்து அல்ல. அதை விற்பவர், அடமானம் வைப்பவர் வீட்டின் பெயர் குலுக்கலிலிருந்து நீக்கப்படும்.'  சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். மறுபடி முதலிலிருந்து படித்தேன். பெயர் நீங்கினால் அண்ணனுக்கு வேறு தொழில் இல்லை. அவருக்கு இரண்டு பெண்கள்.

அண்ணன் எழுந்தார். "எய்தினவன் அவன். தண்ணில நிக்கிறவன் நான். எவன் பேர அடிக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

வெகுநேரம் பேசினார்கள். வங்கி எதையும் அடமானமாக ஏற்கவில்லை என்று ஏசுதாஸ் மாமாதான் எனக்காக வாதாடினார். கடைசியில், பாடு இனி தேவராஜ் பேரில் மட்டும், என் பெயர் இல்லை என்று முடிவானது. அதை நோட்டில் நானே எழுத வேண்டும் என்றார்கள். என் பெயரின் மேல் கோடு கிழித்து, தேதி போட்டு, கிழமையும் எழுதினேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "கெயம சரியா பாத்துக்கினியா?" என்றார். நாலு நாளில் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை. கொட்டகையே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஒப்பந்தக் கெடு முடிந்து அட்வான்ஸ் போனது. அதோடு வளையலும் போனது. அந்த மனையில் இப்போது யாரோ கட்டிய இரண்டு கடைகள் இருக்கின்றன. வாடகை நான் போட்ட கணக்கைவிடக் குறைவு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்றும் தன் முறை வரும் நாளில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு ஒரு கூறு இறால் கொடுத்தனுப்புகிறார், பாத்தியம் இல்லாதவனுக்கு. செல்வி அதை வறுத்துத் தட்டில் வைத்துவிட்டு என்னைத் தொடவிடாமல் கேட்பாள்: "நாலெல்ல சொல்லிட்டு எடு."

மகள்கள் முந்திக்கொள்வார்கள். "கெயக்கே சோறு! மேற்கே ரசம்! வடக்கே அம்மா!"

"தெற்கே?" என்பாள் செல்வி.

"பெரியப்பா வூடு!" என்பாள் சின்னவள்.

நான் எடுத்துச் சாப்பிடுகிறேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, இறால் வந்த தேதியை மட்டும் எழுதி வைக்கிறேன்.