பரசுராமன் துறந்த இரண்டு எழுத்துகள்

திருவண்ணாமலைக்கு வந்தவர்கள் எதையாவது துறக்காமல் இருந்ததில்லை. வீட்டைத் துறந்தவர்கள் உண்டு. சட்டையைத் துறந்தவர்கள் உண்டு. ஜெர்மனியில் நல்ல வேலையைத் துறந்துவிட்டு செங்கம் ரோட்டில் வாடகை அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு காரின் பின்கதவிலிருந்து இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளைத் துறந்த மகான், எனக்குத் தெரிந்து, நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பரசுராமன் ஒருவர்தான். மாடியில் வாடகைக்கு இருப்பவன் என்ற முறையில் அதை நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அவருடைய மகன் விமல்ராஜுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தபோது, பெண்ணின் அப்பா, அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி சின்னசாமி, "அன்பளிப்பாக" வாங்கிக் கொடுத்த கார் அது. "வரதட்சணை" என்கிற கொச்சைச் சொல் அந்த வீட்டில் உச்சரிக்கப்பட்டதே கிடையாது. "நாங்க வாயத் தொறந்து எதுவும் கேக்கல சார்" என்று பரசுராமன் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நானும் தலையாட்டுவேன். உண்மைதான். பெண் பார்க்கப் போன அன்று, "எங்க வீட்டு போர்ட்டிகோ காலியாத்தான் கெடக்குது" என்று மட்டுமே சொன்னார். சின்னசாமி புரிந்துகொண்டார். கிணற்றோடு இருந்த நிலத்தை விற்று போர்ட்டிகோவை நிரப்பிவிட்டார்.

நிரப்பியதில் ஒரு "குறைபாடு" இருந்தது. கார் கம்பெனிக்காரன் ஒரே வண்டியை நாலைந்து தரமாகச் செய்து, எது எந்தத் தரம் என்று பின்கதவில் இரண்டெழுத்து பேட்ஜ் ஒட்டி அனுப்புகிறான். சின்னசாமி வாங்கியது கடைசித் தரம். அதன் கூரை திறக்காது. பரசுராமனின் சகலை வேணு வீட்டுக் காரில் கூரை திறக்கும்.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், பரசுராமன் எதையும் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போர்ட்டிகோவில் கூட்டம் கூடியது. தலைமை பரசுராமன். முன்னிலை விமல்ராஜ். டீ கொண்டுவந்த மருமகள் கவிநிலா "சிறப்பு அழைப்பாளர்". நான் பார்வையாளர்.

"பொருள் ஒண்ணு, தலை தீபாவளி," என்று தொடங்கினார். "உங்க ஊருக்குப் போறதுல எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. உங்கப்பா இந்த வண்டிய டாப் மாடலா மாத்திக் குடுத்துட்டா அன்னிக்கே கெளம்பலாம்."

"அப்பா எங்க போவாரு மாமா? இருந்த நெலத்த வித்துதான் இதையே வாங்கினாரு."

"நான் கேக்கலியேம்மா. அவருக்கா தோணணும். தோணற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

"அம்மா துணியெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டுக் காத்துட்டிருக்காங்க மாமா."

"இந்த வண்டியில வேணு வீட்டு வாசலத் தாண்டிப் போனா என்னா நெனைப்பாங்க? மேல தொறக்கலியேம்மா."

"ஜன்னல் தொறக்குது மாமா. மலை அதுலயும் தெரியுது."

"சன்ரூஃப்ல தெரியற மலை வேற கவி," என்றான் விமல்ராஜ். எம்.பி.ஏ. படித்தவன். நுணுக்கமான வேறுபாடுகள் அவனுக்குத்தான் பிடிபடும்.

பொருள் இரண்டு, பேட்ஜ். டாப் மாடல் வந்து சேரும்வரை இந்த அவமானம் ஊருக்குத் தெரியக்கூடாது. எழுத்துகளை எடுத்துவிட்டால் எந்தத் தரம் என்று யாருக்குத் தெரியப்போகிறது? "வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வீட்டுலயே எடுத்துடறாங்கப்பா. சிம்பிளா இருக்கணும்னு," என்று விமல்ராஜ் போனில் வீடியோ காட்டினான். பரசுராமனின் முகத்தில் ஞானம் வந்துவிட்டது. "பேரு, பட்டம், எல்லாமே மாயைதான சார்," என்று என்னைப் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால் கேட்டில் "பி.ஏ., கண்காணிப்பாளர் (ஓய்வு)" என்று பித்தளைப் பலகை பளபளத்தது. தலையாட்டினேன்.

மறுநாள் காலை "திருப்பணி" தொடங்கியது. கவிநிலாவின் ஹேர் டிரையர், அதுவும் சீரோடு வந்ததுதான், பேட்ஜுக்குச் சூடு காட்டியது. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் கடையிலிருந்து விமல்ராஜ் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூல் வாங்கி வந்திருந்தான். பசை இளகியதும் அந்த நூலை எழுத்துக்கு அடியில் விட்டு, அப்பா ஒரு முனையும் மகன் ஒரு முனையுமாக அறுத்தார்கள். இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக உழைத்து நான் பார்த்ததில்லை. ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கவிநிலா. அப்பாவின் நிலம் கண்ணெதிரே எழுத்து எழுத்தாகப் பெயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுத்துகள் வந்துவிட்டன. பசை வரவில்லை.

"எண்ணெய் தொட்டு துணியால தொடச்சா போதும் மாமா," என்றாள் கவிநிலா.

"ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சவன்மா நான்," என்று பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை எடுத்தார் பரசுராமன். பசை போயிற்று. கூடவே சிவப்புப் பெயிண்டும் போயிற்று. பின்கதவு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெளுத்து நின்றது. துறவுப் பாதையில் தோல் உரிவது சகஜம்தான்.

"ஸ்டிக்கர் போட்டு மூடிடலாம்பா," என்றான் விமல்ராஜ்.

"அண்ணாமலையார் துணைனு பெருசா ஒட்டிக்கிட்டு வாங்க," என்றார் பரசுராமன்.

ஆனால் அந்தக் கோலத்தில் வண்டியை வெளியே எடுக்க அப்பாவுக்கும் வெட்கம், மகனுக்கும் வெட்கம். கவிநிலா சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டிப் போனாள். டிராக்டர் ஓட்டிப் பழகிய கை.

மதியம் திரும்பி வந்தாள். வண்டியின் பின்பக்கம் தெருவைப் பார்க்கும்படி நிறுத்தினாள். பின்கதவு கொள்ளாமல் மஞ்சள் எழுத்தில் இப்படி இருந்தது:

"அடி அண்ணாமலை சின்னசாமி நிலத்தை விற்று மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த வண்டி."

பட்டாசு வாங்கப் போன இரண்டு பேர் நின்று சத்தமாகவே படித்தார்கள்.

"இத மொதல்ல உரி," என்றார் பரசுராமன். விமல்ராஜ் ஹேர் டிரையரைத் தேடி ஓடினான்.

"உரிங்க மாமா. அடியில பெயிண்ட் போனது தெரியும். அதுக்கும் ஊரு என்னான்னு கேக்கும்." கவிநிலா உள்ளே போய் பையை எடுத்து வந்தாள். "எங்க அம்மா காத்துட்டிருக்காங்க. நான் தலை தீபாவளிக்குப் போறேன்." ஹேர் டிரையரோடு வந்து நின்ற விமல்ராஜிடம், "நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஸ்டிக்கரைப் பார்த்தார். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேணு வீட்டு வாசல் வழியாகத்தான் போனாள், அங்கே வேகத்தைக் குறைத்தாள் என்று கேள்வி.

போர்ட்டிகோ மறுபடியும் காலியானது. பரசுராமன் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க சார். நான் வாயத் தொறந்து ஏதாவது கேட்டனா?"

இத்தனை நாள் ஆட்டிய தலையை அன்று ஆட்டவில்லை.

"இல்ல சார். கிரிவலப் பாதையில கையேந்தி உக்காந்திருக்கறவங்கதான் வாயத் தொறந்து கேட்டு வாங்கறாங்க. கேக்காமயே எடுத்துக்கறவனுக்கு வேற பேரு."