வெள்ளைச் சட்டை

"டோரீன், அந்த டிவி சத்தத்தை நிறுத்தேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

சாப்பாட்டுக் கடை டோரீன் லாயிட்டை ஒரு மாதிரி பார்த்தாள். சனிக்கிழமை மதியம். உள்ளூர் அணி ஆடுகிறது. லாயிட் சத்தம் வேண்டாம் என்கிறார். காய்ச்சலோ?

காய்ச்சல் இல்லை. எதிரே மகன் பிரெண்ட் உட்கார்ந்திருந்தான். தாயின் சாவுக்கு வந்து போனவன், அதற்குப் பிறகு இன்றுதான் வந்திருக்கிறான். அவன் போட்ட ஒரே நிபந்தனை: ஐஸ் ஹாக்கிப் பேச்சு கூடாது.

நியாயம்தான். இருபது வருடங்களுக்கு முன், வெளியூர் அணிக்காக இதே சட்பரி ஊருக்கு ஆட வந்த பிரெண்டை உள்ளூர் கேப்டன் மோதிப் பனித்தரையில் சாய்த்தான். பிரெண்டின் ஆட்டம் அதோடு முடிந்தது. மறுநாள் லாயிட் வானொலிக்குப் போன் போட்டு, "சுத்தமான மோதல். என் பையன்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தான்" என்று ஊருக்கே சொன்னார். மனைவி அதை மன்னிக்காமலே செத்தாள்.

டிவி ஊமையானது. லாயிட்டின் கண்தான் அடங்கவில்லை. டிவி இருந்த சுவருக்கே ஓடியது. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். இப்போது திரையில் வெள்ளையும் கறுப்பும் புழுக்களாக நெளிந்தன. நிம்மதி.

"முதுகு எப்படிடா இருக்கு?"

"குளிர்ல வலிக்கும்."

"மாத்திரை?"

"போடறேன்."

இருவரும் உருளைக்கிழங்கு வறுவலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது டிவியில் ஒரு வெள்ளைச் சட்டை பாய்ந்து வந்து ஒரு கறுப்புச் சட்டையைத் தூக்கி எறிந்தது. கறுப்பு எழவில்லை. இங்கே ஆட்டம் நடந்தால் நம் ஆட்கள் கறுப்பு; வெள்ளை, வெளியூரிலிருந்து வந்தவர்கள். லாயிட்டின் நாக்கு நிபந்தனையை மறந்தது.

"அயோக்கியப் பயல்! முழங்கையைப் பாரு! தலையைக் குறி வச்சு அடிச்சிருக்கான்!"

பிரெண்ட் டிவியைப் பார்த்தான். முகம் வெளுத்தது. பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"நிஜமாவாப்பா சொல்றே?"

திட்டு விழும் என்று பயந்தவருக்கு உற்சாகம் பிறந்தது. "பின்னே? இவனெல்லாம் ஆயுசுக்கும் பனியில கால் வைக்கக் கூடாது. கீழே கிடக்கிறவனும் ஒருத்தன் பெத்த புள்ளைதானே?"

பிரெண்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வந்துடுப்பா."

லாயிட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. காரணம் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளவும் அவர் தயாரில்லை.

அடுத்த மேசை மர்ரிக்குத்தான் பொறுக்கவில்லை. "யோவ் லாயிட், கண்ணு அவிஞ்சு போச்சா? இன்னிக்குப் பழைய சட்டை நாள்யா! அந்தக் காலம் மாதிரி வெள்ளை போட்டிருக்கிறது நம்ம ஆளுங்க!"

"நம்ம ஆளா?"

லாயிட் கையை உருவிக்கொண்டார். நியாயம் பேசுகிற மனிதர் தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டாமா?

"அப்படின்னா சரி. தோள்தான் பட்டிருக்கு. சுத்தமான மோதல். அந்தப் பையன்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தான். எப்படி நடிக்கிறான் பாரு, எழுந்திருக்கவே மாட்டேங்கிறான்."

பிரெண்ட் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். கதவு திறந்து, குளிரை உள்ளே விட்டுவிட்டு மூடிக்கொண்டது.

"இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?" என்றார் லாயிட்.

டோரீன் பிரெண்டின் தட்டை எடுத்தாள்.

"இடைவேளை, லாயிட். பழைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டறாங்க. கீழே கிடக்கிறது உங்க பையன்."